தொண்டர்க்குச் செய்யும் சிறப்பு

ஆண்டுதோறும் டிசம்பர் 5-ஆம் நாள் அனைத்துலகத் தொண்டூழியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஐக்கிய நாட்டு நிறுவனம் 1985-இல் இதனை அறிவித்தது. நம் நாட்டைப் பொறுத்தவரை இந்நாள் சற்று இக்கட்டான வேளையில் வருகிறது. நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கிழக்குக்கரை மாநிலங்களில் ஆறுகள் நிரம்பி வழியும் நேரம். பாராட்டப்பட வேண்டியவர்கள் பலர் அன்று விழா மண்டபத்துக்கு வர இயலாது. படகின் இயந்திரத்தைச் சரிபார்த்துக்கொண்டோ, அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டோ இருப்பார்கள்.

கிளந்தானில் உள்ள கோல கிராய் என்னும் சிறுநகரை எடுத்துக்கொள்வோம். காலாஸ், லெபிர் ஆகிய இரண்டு ஆறுகள் கூடிக் கிளந்தான் ஆறாகும் இடத்துக்கு அருகில் அது அமைந்துள்ளது. ஆற்றங்கரையில் 'தங்கா கிராய்' என்றழைக்கப்படும் பழைய படிக்கட்டு ஒன்று உண்டு. நீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று பார்த்தே வெள்ளத்தின் போக்கை ஊரார் கணித்து வந்தனர். அங்கே அபாய அளவு 25 மீட்டர். 2014 டிசம்பர் இறுதியில் நீர்மட்டம் 34 மீட்டரைத் தாண்டியது. நாட்டில் அவ்வாண்டு வெள்ளத்தால் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். மறு ஆண்டின் பள்ளித் தொடக்கமே ஒரு வாரம் தள்ளிப்போனது. கிளந்தான் மாநிலத்தின் ஒரே தமிழ்ப்பள்ளியான பாசிர் காஜா தோட்டத் தமிழ்ப்பள்ளி கோல கிராய் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

வெள்ளம் என்றதும் படகில் முதியவரைத் தூக்கி அமர்த்தும் காட்சிதான் நம் நினைவுக்கு வரும். தொலைக்காட்சியும் அதைத்தான் காட்டும். உண்மையில், நீர் வடிந்த பிறகே பெரிய வேலை தொடங்குகிறது. வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்குச் சேறு நிற்கும். ஈரம் காய்வதற்குள் அதைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். காய்ந்து இறுகிவிட்டால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். ஊறிப்போன மெத்தை ஒன்றைத் தூக்க நான்கு பேர் தேவைப்படுவர். 2014 வெள்ளத்துக்குப் பின்னர், பிற மாநிலங்களிலிருந்து மண்வெட்டிகளுடனும் நீர்ப்பீச்சிகளுடனும் தொண்டூழியர்கள் கிளந்தானுக்குச் சென்றது இந்த வேலைக்காகத்தான்.

சமையற்கூடத்தையும் சொல்லியாக வேண்டும். துயர்துடைப்பு மையத்தில் எல்லா இனத்தவரும் இருப்பார்கள். உணவு ஹலாலாக இருக்க வேண்டும். சைவம் மட்டுமே உண்போருக்கும் வழி வேண்டும். நீரிழிவு நோயாளியையும் கைக்குழந்தையையும் மறக்கக்கூடாது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியபோது சீக்கியக் குருத்துவாராக்களின் சமையற்கூடங்கள் சைவ உணவைச் சமைத்து அனுப்பின. அந்த உணவை யாரும் தயங்காமல் உண்ண முடிந்தது. நூற்றுக்கணக்கானோருக்குச் சமைப்பது கடினம்தான். ஆயினும், அந்த அண்டாக்களைத் தேய்த்துக் கழுவுவது அதைவிடக் கடினம் என்பேன். அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது.

இத்தகையோரை நாம் எவ்வாறு சிறப்பிக்கிறோம்? விழா நடக்கிறது. முதல் மாலை சிறப்பு விருந்தினருக்கு, அடுத்தது நன்கொடையாளருக்கு. பிறகு சங்கத் தலைவருக்குப் பொன்னாடை. அண்டா கழுவியவருக்கு? 'மற்றும் அனைத்துத் தொண்டூழியர்களுக்கும் நன்றி' என்ற ஒரே வரி. நன்கொடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணமின்றி அடுப்பு எரியாது. ஆனால் காசோலையில் கையெழுத்திட ஒரு நிமிடம் போதும். சேற்றில் நின்றவரோ ஒரு வாரத்தைக் கொடுத்திருக்கிறார். மேடையில் அவருடைய பெயரை முழுமையாக, முதலில் வாசிப்பதே முறை.

தொண்டு புகழை நாடலாமா என்று சிலர் கேட்பார்கள். திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தில், கைம்மாறு கருதாத உதவிக்கு மழையே உவமையாகிறது. ஏற்றுக்கொள்கிறேன். எனினும் மழைக்கு முதுகு வலிப்பதில்லை. அது தன் பணத்தில் பெட்ரோல் நிரப்புவதுமில்லை. புகழைத் தேடாதவர் என்பதற்காக ஒருவருடைய செலவை அவர் தலையிலேயே விட்டுவிடலாமா? சங்கத்தின் படகுக்கு எரிபொருள், கருவிகளை வைக்க ஓர் அறை, வேலையில் அடிபட்டால் கைகொடுக்கும் காப்புறுதி ஆகியவற்றை நகராண்மைக் கழகமும் ஊர் வணிகர்களும் சேர்ந்து ஏற்றுக்கொள்ளலாம். நினைவுச் சின்னத்துக்குச் செலவிடும் பணம் எரிபொருளுக்காவது உதவும்.

சிறுநகரங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. இளையோர் படிப்புக்காகவும் வேலைக்காகவும் பெருநகரங்களுக்குச் செல்கின்றனர். சங்கங்களில் எஞ்சியிருப்போருக்கு வயது ஏறுகிறது. அறுபது வயதுக்காரர் எத்தனை ஆண்டுகள் அரிசி மூட்டை தூக்குவார்? அவருக்கு மாலையைவிட, மூட்டையின் மறுமுனையைப் பிடிக்கும் இரண்டு கைகளே தேவை.

இங்கேதான் மாணவர்களின் பங்கு வருகிறது. புறப்பாட மதிப்பெண்ணுக்காகச் சான்றிதழ் தேடிப் போவோர் நம்மிடையே உள்ளனர். படம் எடுத்தவுடன் கிளம்பிவிடுவோரும் உள்ளனர். மதிப்பெண்ணுக்காகத் தொடங்கினாலும் தவறில்லை. ஒருமுறை வந்தவர் அடுத்த மாதமும் வருகிறாரா என்பதைத்தான் சங்கத்தின் பெரியவர்கள் கவனிப்பார்கள். ஒரு வகுப்பு மாணவர்கள் தம் ஊர்ச் சங்கத்தின் பணிப் பட்டியலில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமையை ஏற்றுக்கொள்ளட்டும். பொருள்களை எண்ணிப் பதிவதும், காலாவதியான பால்மாவைப் பிரித்தெடுப்பதும், அண்டா கழுவுவதும் பதினைந்து வயதினரால் இயலக்கூடியவையே.

விழாவையும் நடத்தலாம். கிழக்குக்கரையில் அதை மட்டும் மழை ஓய்ந்த பின், ஏப்ரலுக்குத் தள்ளி வைக்க வேண்டும். அப்போதுதான் அழைக்கப்பட்டவர்கள் மண்டபத்துக்கு வர முடியும்.