அம்பதுக்கு ஆசைப்பட்டேன்... எழுபது போச்சு!



ஒரு சின்னக் கணக்கு. உங்க கையில ஒரு மணி நேரம் இருக்கு. ஊருக்குள்ள முப்பது இடத்துல பாயின்ட் கொட்டிக் கிடக்கு. முப்பதையும் அள்ள முடியாது, அது கன்ஃபார்ம். எதை எடுப்பீங்க? அதைவிட முக்கியமான கேள்வி... எதை விடுவீங்க?

'என்னய்யா இது, கேம்பஸ் இன்டர்வியூ கேள்வி மாதிரி இருக்கு'ன்னு முறைக்காதீங்க. இது ஒரு விளையாட்டு. பேரு ஸ்ட்ரீட் ஓரியன்டீரிங், செல்லமா 'ஸ்ட்ரீட்-ஓ'. சில வருஷத்துக்கு முன்னாடி லண்டன்ல எம்.எஸ்சி. படிக்கப் போயிருந்தப்ப, ஒரு டிசம்பர் ராத்திரி இதுல கலந்துக்கிட்டு நான் மண்ணைக் கவ்வின கதைதான் இந்த வார மேட்டர்.

மொதல்ல கொஞ்சம் ஜி.கே. மேப்பும் காம்பஸும் வெச்சுக்கிட்டு, காட்டுக்குள்ள குறிச்சு வெச்ச இடங்களைத் தேடி ஓடறதுதான் ஓரியன்டீரிங். ஸ்வீடன், நார்வே பக்கம் ராணுவப் பயிற்சியா ஆரம்பிச்ச விஷயம். பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897-ல நார்வேயில நடந்துச்சு. 1961-ல சர்வதேச சம்மேளனமே வந்தாச்சு. இந்தக் கூட்டத்துக்கு இங்கிலாந்துல ஒரே எதிரி குளிர்காலம். டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கே இருட்ட ஆரம்பிச்சுடும். ஆபீஸ் முடிஞ்சு வர்றவங்க எந்தக் காட்டுல போய் ஓடறது? 'காட்டுலதானே இருட்டு? தெருவுல லைட் எரியுதே!'ன்னு தெருவுக்கே வந்துட்டாங்க. அதான் ஸ்ட்ரீட்-ஓ. ஆஸ்திரேலியாவுல மெல்பர்ன் ஆட்கள் இதையே கோடைக்கால சாயங்காலத்துல ஜாலியா ஓடறாங்க. லண்டன்காரங்களுக்குத்தான் குல்லாவும் கையுறையும்!

நான் இருந்தது தெற்கு லண்டன் டூட்டிங்ல. மசால் தோசையும் கொத்து ரொட்டியும் கிடைக்கிற ஏரியா. இலங்கைத் தமிழர் கடைகள் நிறைய. என் ரூம்மேட் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பையன். ''எந்நேரமும் லேப்டாப்புக்கு முன்னாலயே இருக்கிறாய் மச்சான். வா, ஓடிட்டு வருவம்''னு தரதரன்னு இழுத்துட்டுப் போயிட்டான்.

இப்ப நீங்களே அங்கே நிக்கிறதா நினைச்சுக்கோங்க. ராத்திரி ஏழு மணி. டூட்டிங் பெக் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு 'பப்' வாசல். வாயைத் திறந்தா புகை. சுத்தி நாப்பது பேர். பாதிப் பேர் உங்க அப்பா வயசு. சிலர் தாத்தா வயசு. நெத்தியில டார்ச். கையில ஒரு ஏ4 பேப்பரைக் குப்புறக் கொடுப்பாங்க. 'ஸ்டார்ட்' சொல்ற வரைக்கும் திருப்பக் கூடாது. எக்ஸாம் ஹால் ஞாபகம் வருதா? எனக்கும் வந்துச்சு!

திருப்பினா மேப். ஒரு சென்டிமீட்டர்னா தரையில நூறு மீட்டர். தெரு இருக்கும், ரயில் பாதை இருக்கும், பார்க் இருக்கும். ஆனா தெருப் பேர் ஒண்ணுகூட இருக்காது! ஊதாக் கலர்ல முப்பது வட்டம். கிட்டத்துல இருக்கிறதுக்குப் பத்து பாயின்ட். தள்ளிப் போகப் போக இருபது, முப்பது. மேப் ஓரத்துல இருக்கிறதுக்கு அம்பது. அந்த இடத்துக்குப் போனதுக்கு என்ன ஆதாரம்? கூடவே ஒரு கேள்வித்தாள் கொடுப்பாங்க. 'இந்த லேம்ப் போஸ்ட்டோட நம்பர் என்ன?', 'இந்தத் தபால் பெட்டியில எந்த ராஜா ராணியோட முத்திரை இருக்கு?' இப்படி. விக்டோரியா காலத்துப் பெட்டின்னா 'வி.ஆர்.', எலிசபெத் காலத்துப் பெட்டின்னா 'ஈ.ஆர்.'. நேர்ல போய்ப் பார்க்காம எழுதவே முடியாது. பிட் அடிக்க சான்ஸே இல்ல!

(இப்ப 'மேப்ரன்'னு ஒரு மொபைல் ஆப் இருக்கு. சரியான இடத்துக்குப் போனா ஜி.பி.எஸ். பார்த்து போனே 'பீப்' அடிச்சுடும். பென்சிலும் பேப்பரும்தான் கிக்குன்னு சொல்ற பழைய ஆளுங்களும் உண்டு.)

ரூல் ரெண்டே ரெண்டு. எந்த வரிசையில வேணும்னாலும் போகலாம். அறுபது நிமிஷத்துக்குள்ள திரும்பி வந்துடணும். ஒரு நிமிஷம் லேட்டானா பத்து பாயின்ட் கட். பத்து செகண்ட் லேட்டானாலும் அது ஒரு நிமிஷக் கணக்குதான்.

எளிமையா இருக்குல்ல? கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. 'குறிப்பிட்ட நேரத்துக்குள்ள எந்த இடங்களைத் தொட்டா அதிக பாயின்ட் கிடைக்கும்?'ங்கிற இந்தக் கணக்குக்கு உங்க சப்ஜெக்ட்ல பேரே 'ஓரியன்டீரிங் பிராப்ளம்'தான். கோல்டன், லெவி, வோரான்னு மூணு பேர் 1987-ல இதைப் பத்தி ஒரு பேப்பர் எழுதினாங்க. இது 'என்.பி.-ஹார்ட்' ரகம்னு அதுல நிரூபிச்சிருக்காங்க. அதாவது, இடங்கள் கூடக் கூட, பெஸ்ட் வழி இதுதான்னு அடிச்சுச் சொல்றதுக்குள்ள கம்ப்யூட்டருக்கே மூச்சு வாங்கும். அந்தக் கணக்கை நாம ரோட்டோரத்துல குளிர்ல நடுங்கிக்கிட்டு அரை நிமிஷத்துல போடணும்!

நான் அந்த அரை நிமிஷத்தைக்கூட வேஸ்ட் பண்ணல. எல்லாரும் ஓடினாங்க, நானும் ஓடினேன். முதல் தப்பு!

ஆரம்பம் என்னவோ அமர்க்களம்தான். ஆனா பத்தாவது நிமிஷத்துலயே தொலைஞ்சு போனேன். அந்த ஏரியா வீடுங்க பலதும் விக்டோரியா காலத்து செங்கல் வீடுங்க. ஒண்ணைப் பார்த்தா இன்னொண்ணைப் பார்க்க வேணாம், அச்சு அசல் ரெட்டைப் பிள்ளைங்க. இடது பக்கம் மூணாவது தெருவா, நாலாவது தெருவா? தெரியல. அப்பதான் ரூம்மேட் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்துச்சு. மேப்பை நாலா மடிச்சு, இப்ப நிக்கிற இடத்துல கட்டைவிரலை வெச்சுக்கணும். தெரு திரும்பும்போதெல்லாம் மேப்பையும் திருப்பணும், அதாவது மேப்போட வடக்கு எப்பவும் நிஜ வடக்கைப் பார்த்தே இருக்கணும். அப்ப மேப்புல வலது பக்கம் இருக்கிறது நிஜத்துலயும் வலது பக்கம் இருக்கும். தொலைஞ்சுட்டா? குத்துமதிப்பா முன்னாடி ஓடக் கூடாது. கடைசியா 'இது கன்ஃபார்ம்'னு தெரிஞ்ச இடத்துக்குத் திரும்பிப் போகணும். கௌரவம் பார்க்காம திரும்பிப் போனேன். ரெண்டு நிமிஷம் போச்சு. ஆனா அதுக்கப்புறம் தொலையல.

நாப்பத்து நாலாவது நிமிஷம். பதிமூணு இடம் முடிச்சு 250 பாயின்ட் கையில. ஃபினிஷ் ஒண்ணரை கிலோமீட்டர்ல. நிதானமா திரும்பினாலே வழியில ரெண்டு மூணு பத்துகளைப் பொறுக்கிக்கிட்டுப் போயிருக்கலாம்.

அப்பதான் மேப்புல அதைப் பார்த்தேன். அம்பது பாயின்ட்! நான் நிக்கிற இடத்துல இருந்து ரெண்டே சென்டிமீட்டர். அதாவது வெறும் இருநூறு மீட்டர். 'இதை விட்டுட்டுப் போனா நான் மனுஷனே இல்ல'ன்னு ஓடினேன்.

ரெண்டு சென்டிமீட்டருக்கு நடுவுல மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு போச்சு. ரயில் பாதை! டூட்டிங் காமன் மைதானத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போற பாதை அது. நினைச்ச இடத்துல கடக்க முடியாது, பாலம் இருக்கிற இடத்துக்குத்தான் போகணும். இருநூறு மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு மேல ஆயிடுச்சு. அப்பவாவது திரும்பியிருக்கணும். 'இவ்ளோ தூரம் வந்துட்டோமே'ங்கிற வீம்பு விடல. போய்ச் சேர்ந்து, எந்த லேம்ப் போஸ்ட்னு தேடி, நம்பரை எழுதி வாட்சைப் பார்த்தா... 54 நிமிஷம். ஃபினிஷ் ரெண்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்!

வாழ்க்கையில அப்படி ஓடினதில்ல பாஸ். வந்து விழுந்தப்ப 66 நிமிஷம், 20 செகண்ட். ஏழு நிமிஷக் கணக்கு. எழுபது காலி. 300-ல இருந்து 230!

ஜெயிச்சவர் 520. அது வேற உலகம், விடுங்க. எனக்கு நேர் மேல 240 பாயின்ட்டோட இருந்தது யார் தெரியுமா? எழுபது வயசு இருக்கும், ஒரு பாட்டி. ஓடவே இல்ல. முழங்கால் வலியாம், நடந்தேதான் போனாங்களாம். 57-வது நிமிஷம் வந்து, சூப் ஆர்டர் பண்ணிட்டு உட்கார்ந்திருக்காங்க!

''எப்படி?''ன்னு கேட்டேன். அவங்க மேப்பைக் காட்டினாங்க. பென்சில்ல ஒரு கோடு. ''எல்லாரும் போற வழியை முதல்ல யோசிப்பாங்க. நான் திரும்பி வர்ற வழியைத்தான் முதல்ல போடுவேன். அதுல எது எது ஒட்டிக்குதோ அது மட்டும் என்னுது. மத்ததை நான் பார்க்கவே மாட்டேன்''னாங்க. ஃபினிஷ் பக்கத்துல நாலு பத்துகளை வேணும்னே கடைசிக்கு மிச்சம் வெச்சிருந்தாங்க. நேரம் இருந்தா எடுப்பாங்க, இல்லேன்னா அப்படியே உள்ள வந்துடுவாங்க.

என்னோட மேப்பை வாங்கிப் பார்த்துட்டு, அந்த அம்பது மேல விரலை வெச்சு, ''ஓ, இது உன்னைக் கூப்பிட்டுடுச்சா?''ன்னு சிரிச்சாங்க பாருங்க... அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூடவே வந்துச்சு.

ஏன் அவ்ளோ உறுத்துச்சுன்னா, அப்ப என் லேப்டாப்ல ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பாதியில கிடந்துச்சு. அஞ்சு கேள்வி எடுத்து அஞ்சுக்கும் பதில் எழுதறேன்னு கிளம்பியிருந்தேன். 'ரெண்டு போதும்ப்பா'ன்னு கைடு ரெண்டு தடவை சொல்லிட்டார். நான் கேட்கல. அஞ்சும் பாதிப் பாதி. கெடு மூணு வாரத்துல. அங்கேயும் லேட்டானா நாள் கணக்குல மார்க் கட்! டூட்டிங்ல நான் ஓடினது அறுபது நிமிஷ ஓட்டம் மட்டுமில்லன்னு அன்னிக்கு ராத்திரிதான் உறைச்சது.

மறுநாள் மூணு கேள்வியை அடிச்சேன். ஈஸியா சொல்லிட்டேன், ஆனா ஈஸியா இல்ல. அடிச்ச மூணுல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்ச டாபிக். அதுக்காகத்தான் அந்த கோர்ஸையே எடுத்தேன்னுகூட சொல்லலாம். ரிப்போர்ட்டை டைமுக்குக் கொடுத்தேன். மார்க் சுமார்தான், டிஸ்டிங்ஷன் எல்லாம் வரல. விட்டது இன்னிக்கும் மனசுல இருக்கு. ஆனா கையில இருக்கிறது முழுசா இருக்கு.

'ஆசையே படாதே'ன்னு உபதேசம் பண்றேன்னு நினைச்சுடாதீங்க. அம்பது பாயின்ட்டுக்கு ஆசைப்படலாம். ஆனா முதல் நிமிஷத்துலயே ப்ளான்ல அதுக்கு இடம் கொடுத்திருக்கணும். நாப்பத்து நாலாவது நிமிஷத்துல கண்ணுல பட்டதுக்காக ஓடினா, அது ஆசையில்ல... சபலம்!

உங்க கேம்பஸ்லயும் இதை விளையாடிப் பார்க்கலாம். ரொம்ப சிம்பிள்:

* 'ஓபன்ஸ்ட்ரீட்மேப்'னு எல்லாரும் சேர்ந்து வரையற இலவச மேப் இருக்கு. 2004-ல லண்டன்ல ஆரம்பிச்சது. அதுல உங்க கேம்பஸ் இருக்கான்னு பாருங்க. விட்டுப்போனதை நீங்களே வரைஞ்சு சேர்க்கலாம். அதுல இருந்தே இந்த விளையாட்டுக்கான மேப் தயார் பண்ணித் தர்ற 'ஓபன்ஓரியன்டீரிங்மேப்'னு தனி சைட்டும் இருக்கு.

* இருபது இடம் போதும். கேள்வி நேர்ல பார்த்தாதான் தெரியணும். லைப்ரரி வாசல்ல எத்தனை படி? அடிக்கல் நாட்டின வருஷம் என்ன? இந்த மாதிரி.

* நேரம் முப்பது, நாப்பது நிமிஷம். எல்லாத்தையும் யாராலும் எடுக்க முடியாதபடி வைங்க. எடுக்க முடிஞ்சா அது வெறும் ஓட்டப் பந்தயம்.

* முதல் தடவை வெளிச்சத்துலயே நடத்துங்க. செக்யூரிட்டிகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. மெயின் ரோட்டைக் கடக்கிற மாதிரி வைக்காதீங்க. சாயங்காலம்னா ரெண்டு ரெண்டு பேரா போங்க, பளிச்னு கலர்ல டி-ஷர்ட் போடுங்க.

* பேனா வேணாம், பென்சில். லேசா ஈரம் பட்ட பேப்பர்லயும் எழுதும்.

* முக்கியமா, மேப்பைத் திருப்பினதும் ஒரு நிமிஷம் நில்லுங்க. எல்லாரும் ஓடுவாங்க. ஓடட்டும். நீங்க திரும்பி வர்ற வழிக்கு முதல்ல கோடு போடுங்க.

விளையாடிட்டு எவ்ளோ பாயின்ட்னு எழுதுங்க. எதை விட்டீங்கன்னும் மறக்காம எழுதுங்க, எனக்கு அதுதான் வேணும்.

அடுத்த வாரம் இதே இடத்துல மீட் பண்ணுவோம். லேட்டா வராதீங்க... நிமிஷத்துக்குப் பத்து!