சாவியை வாசப்படியில வச்சுட்டுப் போற பொட்டிதட்டிகள்

மக்களே, இன்னிக்குப் பதிவு கொஞ்சம் காரம். செட்டிநாட்டுச் சமையல்னு நெனச்சுப் பொறுத்துக்குங்க.

ஆத்தங்குடியில டைல்ஸ் பட்டறை வச்சிருக்கிற ஒருத்தர் ஆன்லைன்ல விக்க ஆரம்பிக்கிறார்னு வைங்க. பணம் வாங்க பேமெண்ட் கேட்வே, சரக்கு அனுப்ப ஒரு சேவை, எஸ்எம்எஸ்ஸுக்கு இன்னொண்ணு. ஒவ்வொருத்தனும் ஏபிஐ கீ-ன்னு ஒரு ரகசியச் சாவி கொடுப்பான். நம்ம பொட்டிதட்டி என்ன பண்றார்? அத்தனையையும் கோடுக்குள்ளயே ஒட்டி கிட்ஹப்ல ஏத்துறார். போதாக்குறைக்கு வாட்ஸ்அப்ல வேற அனுப்புறார். கேட்டா, "சின்னக் கடை சார், இதை எவன் ஹேக் பண்ணப் போறான்?"

எவனும் வர வேணாம்யா! கிட்ஹப்பை ராப்பகலா துழாவுறது மனுசன் இல்ல, ப்ரோக்ராம். அதுக்குச் சின்னக் கடை, பெரிய கடை தெரியாது. "அந்த வரியை அழிச்சுட்டேனே"ங்கிறதும் செல்லாது. கிட் பழசையெல்லாம் பத்திரமா வச்சிருக்கும். சாவியையே மாத்தணும்.

பெரிய கடை மட்டும் யோக்கியமா? 2016-ல ஊபர்ல 5.7 கோடி பேர் விவரம் போனது கிட்ஹப்ல கிடந்த அமேசான் சாவியால. டொயோட்டாவோட சாவி 2017 டிசம்பர்லேர்ந்து 2022 செப்டம்பர் வரைக்கும் ஊரறியத் திறந்து கிடந்துச்சு. நம்ம பெங்களூரு ஜஸ்பேல 2020 ஆகஸ்ட்ல உள்ள நுழைஞ்சது, மாத்தாம விட்ட ஒரு பழைய சாவி வழியா.

எனக்கு ஆத்திரம் என்னன்னா, இது எங்க ஊர் லேவாதேவிக் கடைக்கே தெரிஞ்ச சமாச்சாரம். நகரத்தார் பர்மாவுலயும் மலேயாவுலயும் கடை வச்சிருந்தப்ப முதலாளி இங்க, ஏஜெண்டு அங்க. ஏஜெண்டுக்குப் பவர் எழுதிக் கொடுப்பாங்க. வழக்கமா மூணு வருஷக் கெடு. கெடு முடிஞ்சா அடுத்த ஏஜெண்டு கப்பலேறிப் போய்க் கணக்கைப் பாத்துப் பொறுப்பேத்துக்குவார். முன்னவர் ஊருக்குத் திரும்பணும். நம்பிக்கை இல்லாமலா? சொந்தக்காரனாவே இருந்தாலும் கெடு கெடுதான்.

கணினிக்கும் அதேதான் கேக்குறேன். இணைப்புக்கு ஒரு சாவி, வேலைக்குத் தேவையான அதிகாரம் மட்டும், ஒரு கெடு. வச்சிருக்க கோடுக்கு வெளிய ஒரு சீக்ரெட் மேனேஜர். ஆர்டர் நிலவரம் பாக்குற சாவிக்குப் பணம் திருப்பிக் கொடுக்கிற அதிகாரம் எதுக்குங்கிறேன்? வேலைய விட்டுப் போன பையன் கையில அது இன்னும் வேலை செய்யுதேய்யா!

டிஸ்கி: "நான் எல்லாத்தையும் எக்செல்ல பாஸ்வேர்டு போட்டு வச்சிருக்கேன்"னு பின்னூட்டம் போட வரப்போற அண்ணாச்சிக்கு, அந்த எக்செல்லோட பாஸ்வேர்டு எங்க இருக்குன்னும் சேத்தே எழுதிருங்க.