மதியப் பந்திக்குப் பிறகு



முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் கும்பகோணத்து மண்டபங்களுக்கு ஓய்வே கிடையாது. சென்னை, பெங்களூர், கோவை என்று நாலா பக்கமிருந்தும் சொந்தபந்தம் வந்து இறங்கும். முதல் நாள் வரவேற்பு, மறுநாள் விடிந்தும் விடியாமலும் முகூர்த்தம். தாம்பூலப் பையைக் கையில் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் திரும்பும் ரயில் இரவில்தான்.

நடுவே கிடக்கும் அந்தப் பகல்பொழுது என்ன ஆகிறது? பாதிப் பேர் மண்டபத்து அறையில் புரள்கிறார்கள். மீதிப் பேரை யாராவது ஒரு மாமா வேனில் ஏற்றி, 'ஒரே நாளில் நவக்கிரகம் ஒன்பதும்' என்று கிளப்பிவிடுகிறார். ஒன்பது கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி மாட்டியதுதான் மிச்சம் என்று திரும்புகிறார்கள்.

கல்யாண வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பார்த்துப் பார்த்துச் செய்கிறீர்கள். ஊரைக் காட்டுவதும் உபசரிப்பில் சேர்த்திதான். மண்டபத்துக்கு வழி சொல்லும் அதே வாட்ஸ்அப் குழுவில் நாலே வரி எழுதுங்கள்: எந்த நேரத்துக்கு எங்கே போகலாம், ஆட்டோவே போதுமா, முழங்கால் வலிக்காரர்கள் வரலாமா. அது போதும்.

நேரம்தான் இதில் சூட்சுமம். இந்தப் பக்கம் பெரும்பாலான கோயில்கள் உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தினால், திறக்க மாலை நாலு மணியாகும். அதனால் காலை டிபன் முடிந்த கையோடு தாராசுரத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஊரை ஒட்டினாற்போல இருக்கிறது. இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தேர் வடிவில் மண்டபம், கல் சக்கரம், பாயும் குதிரைகள் எல்லாம் தானாகவே கண்ணில் படும். காட்டிக்கொடுக்க வேண்டியவை சிறியவை. யானைக்கும் காளைக்கும் ஒரே தலையை வைத்துச் செதுக்கிய சிற்பத்தைத் தேடிப் பிடியுங்கள். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. குழந்தைகள் அங்கிருந்து நகரமாட்டார்கள். கருவறையின் வெளிச்சுவரில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகின்றன. முதலை வாயிலிருந்து பிள்ளையைச் சுந்தரர் மீட்ட கதையும் அதில் உண்டு. பெரிய புராணம் தெரிந்த பாட்டி ஒருவர் கூட இருந்துவிட்டால் வழிகாட்டியே தேவையில்லை.

நடை சாத்தியிருக்கும் மதிய வேளைக்குச் சுவாமிமலை. மலைக் கோயிலின் அறுபது படிகளை மாலைக்கு வைத்துக்கொண்டு, முதலில் ஒரு சிற்பக்கூடத்துக்குள் நுழையுங்கள். ஸ்தபதிகளில் பலர் முகம் சுளிக்காமல் காட்டுவார்கள். தென்னை ஓலைத் துண்டை மடித்து மடித்தே சிலையின் அளவுகளைக் குறிக்கிறார்கள். மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவம். அதன்மேல் காவிரி வண்டல் மண் பூச்சு. காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால், ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். சோழர் காலத்து முறை இன்றும் அன்றாடத் தொழிலாக நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

பட்டு வாங்கும் ஆசை இருப்பவர்கள் திருபுவனம் போகட்டும். தறிச் சத்தம் கேட்கும் தெருக்களும் மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயிலும் ஒரே ஊரில் இருக்கின்றன. பந்தியில் உப்பு குறைந்தது என்று குறைப்பட்ட சித்தப்பாவை மட்டும் உப்பிலியப்பன் கோயிலுக்கு அனுப்புங்கள். பூமிதேவியை மணப்பதற்காக உப்பையே விட்ட பெருமாள் அவர். இன்றும் நைவேத்தியத்தில் உப்பு சேர்ப்பதில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்குச் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த வீடு. திண்ணை வைத்த சிறிய ஓட்டு வீடு, இப்போது நினைவில்லம். இதே ஊர்க் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர் அவர் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்; மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத் திட்டும் அப்பாக்களின் காதிலும் விழட்டும்.

புதுமணத் தம்பதிக்கு ராமசாமி கோயில். சீதையோடு பட்டாபிஷேகக் கோலத்தில் அமர்ந்த ராமர். பிராகாரச் சுவரில் ராமாயணம் முழுக்க ஓவியமாக இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு மகாமகக் குளக்கரை. பதினாறு மண்டபங்களையும் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். அப்புறம் ஒரு டிகிரி காபி, நேராக ரயில் நிலையம்.

இத்தனையையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். அப்புறம் நவக்கிரக வேனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. விருந்தாளியின் வயதையும் விருப்பத்தையும் பார்த்து நீங்களே பொறுக்கிக் கொடுங்கள்.

கும்பகோணத்துக்கு நாங்கள் எழுதிவிட்டோம். உங்கள் ஊருக்கு நீங்கள்தான் எழுத வேண்டும். கல்யாணத்துக்கு வந்தவரிடம் அரை நாள் மட்டும் இருக்கிறது என்றால் எங்கே கூட்டிப்போவீர்கள்? ஒரே ஒரு இடம், நடை திறக்கும் நேரம், அங்கே தவறவிடக் கூடாத ஒரு நுணுக்கம். பெரிய கோயிலாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய சத்திரமோ சந்தையோ படித்துறையோ எதுவானாலும் சரி. வரும் முகூர்த்த மாதத்துக்குள் உங்கள் கடிதங்கள் கிடைத்தால், ஊர் வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கும் வீடுகளுக்கு உடனே பயன்படும்.

அன்புடன்,
ஆசிரியர்