எருமப்பட்டிக்கு இடமில்லாப் பேழை

விளையாட்டில் மொழிச்சிக்கல் ஏது என்று நகைப்போர் நகைக்க. கொல்லிமலைக்கு அண்மையில், நாமக்கல் மாவட்டத்து எருமப்பட்டியில் ஓர் இளைஞன் கணினி விளையாட்டின் தரவுக்கோப்பைத் திறக்கின்றான் என்று கொள்க. தான் ஆக்கிய புதிய ஆடுகளத்தை அதனுள் வைத்து, அதற்குத் தன் ஊர்ப்பெயரைத் தமிழெழுத்தில் இட வேண்டும். அவன் விழைவு அவ்வளவே.

கோப்பைத் திறப்பது அருஞ்செயலன்று. 1993இல் வெளிவந்த 'தூம்' என்னும் அமெரிக்க விளையாட்டு, தன் படங்களையும் ஒலிகளையும் களங்களையும் 'வாடு' என்னும் தனிப்பேழையில் வைத்து, ஆடுவோரே மாற்றிக்கொள்ள வழிவிட்டது. 1999இல் வந்த 'மூன்றாம் குவேக்கு' விளையாட்டின் பேழையோ, பெயர் மாற்றிய 'சிப்பு'ச் சுருக்கக் கோப்பே. அச்சுருக்கத்திற்கு வேர் 1977இல் இலெம்பெல், சிவ் என்னும் இசுரேல் அறிஞர் இருவர் வகுத்த முறை. முன்வந்த தொடர் மீண்டும் வரின், 'இத்துணைத் தொலைவு பின்சென்று இத்துணை அளவு எடுத்துக்கொள்க' என்னும் குறிப்பு மட்டும் வைக்கப்படும். நம்மூர்க் கணக்கர் 'மேற்படி' என்றெழுதுவதும் இதுவே!

இடர் அடுத்து வருகின்றது. 'தூம்' பேழையின் அட்டவணையில் ஒவ்வோர் உறுப்பின் பெயருக்கும் எட்டுப் பைட்டு இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. எருமப்பட்டி தமிழில் ஏழெழுத்து. ஏழு எட்டில் அடங்க வேண்டுமல்லவா? அடங்காது. இன்றைய ஒருங்குறி 'ரு'வை ரகரமும் உகரக்குறியுமாகவும், 'ப்' என்பதைப் பகரமும் புள்ளியுமாகவும் பிளக்கின்றது. ஏழெழுத்து பதினொரு குறியீடாகின்றது. கோப்புகளில் பெருவழக்கான முறையில் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டு; ஆக 33. அவ்விடத்தில் இரண்டு குறியீடே புகும். 'எர' என்பதோடு ஊர் முடிந்துவிடும்! ஆங்கில எழுத்தில் எழுதினும் பத்தாகுமே எனின், இரண்டு மிகுவது வேறு. இருபத்தைந்து மிகுவது வேறு.

சுருக்கினால் குறையுமே என்பார் உளர். வட்டில் குறையும், மறுப்பில்லை. விளையாட்டு ஓடத் தொடங்கியதும் சுருக்கம் அவிழும். அவிழ்ந்த பெயருக்கு ஒதுக்கிய இடம் விரியுமோ?

இப்பிளவு தமிழ் கேட்டுப் பெற்றதன்று. இந்திய நடுவணரசின் அமைப்பு 1988இல் வகுத்த 'இசுக்கி' முறையை அடியொற்றி 1991இல் ஒருங்குறி தமிழுக்கு இடம் வகுத்தது. மெய் புள்ளியோடு நிற்பதே இயல்பு என்றார் தொல்காப்பியர். ஒருங்குறியிலோ அகரமேறிய ககரமே முதல். மெய் அதன்மேல் புள்ளி ஒட்டிய இரண்டாந்தரப் பிறவி! நாகரிக்கு இழைத்த அச்சில் தமிழை வார்த்தவர் செயல் இது. கொல்லிமலையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. எழுத்திணைக்கும் நிரல் இல்லாத விளையாட்டில் 'லை'யின் குறி லகரத்திற்கு முன்னே நிற்காது, பின்னே போய் விழும்.

2010 சூனில் தமிழக அரசு, ஒருங்குறியோடு அனைத்தெழுத்துப் பதினாறு நுண்மிக் குறியீட்டையும் ஏற்று ஆணையிட்டது. அதில் எழுத்தொன்றுக்குக் குறியீடொன்று. எருமப்பட்டி ஏழு குறியீடு, 14 பைட்டு. அதுவும் எட்டில் அடங்காது, மெய்தான். ஆயினும் எழுத்துச் சிதையாது. ஆனால் அம்முறைக்குக் கிடைத்தது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதி. பிறநாட்டு மென்பொருள்கள் அதனைத் தமிழென்று அறியா. ஆணையிட்ட நாட்டிலேனும் அது அன்றாட வழக்காயிற்றா? விளையாட்டு ஆக்கும் தமிழரேனும் தமிழ்ப்பெயருக்குப் போதிய இடம் ஒதுக்குகின்றனரா?

அவ்விளைஞனுக்கு ஒரு வழி உண்டு. 'தூம்' விளையாட்டில் களம் முடிந்ததும் தோன்றும் களப்பெயர் எழுத்தன்று, படம். எருமப்பட்டி என்பதை அவன் படமாக வரைந்து பேழைக்குள் வைக்கலாம். அப்படத்தின் பெயரை மட்டும் எட்டு ஆங்கில எழுத்துக்குள் வைத்தாக வேண்டும்.