உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒளிந்திருக்கும் ‘சி டாலர்’: அது என்ன, ஆபத்து எங்கே இருக்கிறது?

ஆபீஸ் லேப்டாப்பில் நீங்கள் ஒரு ஃபோல்டரைக்கூட யாருக்கும் ஷேர் செய்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் அதன் சி டிரைவ் முழுவதும் நெட்வொர்க்கில் ஷேர் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். இதைச் செய்தது வைரஸ் அல்ல, ஹேக்கரும் அல்ல. விண்டோஸே தானாகச் செய்துவைத்த ஏற்பாடு இது.

சோதித்துப் பார்க்க வேண்டுமா? கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘நெட் ஷேர்’ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். வரும் பட்டியலில் சி$, அட்மின்$, ஐபிசி$ என்று மூன்று பெயர்கள் பெரும்பாலும் இருக்கும். ஐடி வட்டாரத்தில் இவற்றை ‘அட்மின் ஷேர்’ என்பார்கள்.

இவை எதற்காக?

சி$ என்பது உங்கள் சி டிரைவ் முழுவதும். அட்மின்$ என்பது விண்டோஸ் நிறுவப்பட்டிருக்கும் ஃபோல்டர். ஐபிசி$ ஃபோல்டரே அல்ல. கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி. பெயரின் கடைசியில் டாலர் குறி இருந்தால், நெட்வொர்க்கில் ஷேர்களைத் தேடும்போது அது கண்ணில் படாது. அவ்வளவுதான் அந்தக் குறியின் வேலை. பெயர் தெரிந்தவர் நேரடியாக டைப் செய்து உள்ளே போகலாம், அந்தக் கணினியில் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இருந்தால்.

500 கணினிகள் உள்ள அலுவலகத்தில் ஒரு சாஃப்ட்வேரை நிறுவ, ஐடி ஊழியர் ஒவ்வொரு சீட்டாகப் போய் உட்கார முடியாது. தன் இடத்திலிருந்தே ஃபைலை அனுப்பவும், பிழைப் பதிவுகளை எடுக்கவும், பேக்கப் வாங்கவும் இந்த வழி உதவுகிறது. விண்டோஸ் என்டி காலத்திலிருந்தே இது இருக்கிறது.

அப்புறம் என்ன பிரச்சினை?

2017 ஜூன் 27 அன்று நடந்ததைப் பார்த்தால் புரியும். உக்ரைனில் பரவலாகப் பயன்படும் ‘எம்.இ.டாக்’ என்ற கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக ‘நாட்பெட்யா’ என்ற வைரஸ் பரவியது. டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் ஸ்தம்பித்துப் போனது. நவி மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை நின்றது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் 10 நாட்களில் மறுபடி நிறுவ வேண்டியிருந்ததாக மெர்ஸ்க் தலைவர் பின்னர் தெரிவித்தார். நஷ்டம் 20 முதல் 30 கோடி டாலர் என நிறுவனம் மதிப்பிட்டது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் ‘வானாக்ரை’ உலகையே உலுக்கியிருந்தது. அது விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டையைப் பயன்படுத்தியது. மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே தந்திருந்த அப்டேட்டைப் போட்டவர்கள் தப்பினார்கள். நாட்பெட்யாவுக்கும் அந்த ஓட்டை தெரியும். ஆனால் அதனிடம் இன்னொரு வழியும் இருந்தது. ஒரு கணினிக்குள் புகுந்ததும், அதன் மெமரியில் தங்கியிருக்கும் லாகின் விவரங்களைத் திருடும். பிறகு அதே விவரங்களோடு பக்கத்துக் கணினியின் அட்மின்$ வழியாகத் தன்னை நகலெடுத்து, அங்கே இயங்க ஆரம்பிக்கும். ஐடி ஊழியர்கள் தினமும் பயன்படுத்தும் அதே முறைதான். அதனால் அப்டேட் எல்லாம் பக்காவாகப் போட்டிருந்த கணினிகளும் விழுந்தன.

இங்கேதான் பல அலுவலகங்களின் பழைய பழக்கம் ஒன்று இடிக்கிறது. புதுக் கணினிகளைத் தயார் செய்யும்போது, எல்லாவற்றிலும் ஒரே லோக்கல் அட்மின் பாஸ்வேர்டை வைத்துவிடுவார்கள். நினைவில் வைக்க சுலபம், இல்லையா? ஒரு அபார்ட்மென்ட்டில் 200 வீட்டுக்கும் ஒரே சாவி என்பது போலத்தான் இது. ரிசப்ஷனில் இருக்கும் ஒரு கணினி சிக்கினால், அதில் கிடைத்ததை வைத்தே அக்கவுன்ட்ஸ், ஹெச்ஆர் கணினிகள் வரை போய்விடலாம்.

அப்படியென்றால் அந்த ஷேர்களை நீக்கிவிடலாமே?

பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். ஆனால் டெலீட் செய்தால், கணினியை ரீஸ்டார்ட் செய்ததும் சி$ திரும்ப வந்து நிற்கும். வராமல் தடுக்க ரெஜிஸ்ட்ரியில் ஒரு செட்டிங்கைப் பூஜ்யமாக்க வேண்டும். சாதாரணக் கணினிக்கும் சர்வருக்கும் அது வெவ்வேறு. அப்போதும் ஐபிசி$ போகாது. பேக்கப், சாஃப்ட்வேர் நிறுவுதல் போன்ற வேலைகள் திடீரென நின்றுபோகவும் கூடும்.

அதைவிட முக்கியமான விஷயம், அட்மின் உரிமையைக் கைப்பற்றியவருக்கு இந்த ஷேர் இல்லாவிட்டாலும் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. நீக்கிய ஷேரை அவரே மறுபடி உருவாக்கிக்கொள்ளவும் முடியும். கதவை அடைப்பதைவிட, சாவி யார் கையில் இருக்கிறது என்பதைக் கவனிப்பதுதான் பலன் தரும்.

சரி, ஐடி டீம் என்ன செய்ய வேண்டும்?

● ஒவ்வொரு கணினிக்கும் தனி பாஸ்வேர்டு: இதற்காகவே மைக்ரோசாஃப்ட் 2015-ல் ‘லாப்ஸ்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் அப்டேட்டில் இருந்து அது விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. லோக்கல் அட்மின் பாஸ்வேர்டைக் கணினிக்குக் கணினி வேறாக வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் தானே மாற்றும். ஆனால் நிர்வாகி அதை அமைத்தால்தான் வேலை செய்யும்.

● கணினியிலிருந்து கணினிக்குத் தடை: இந்த ஷேர்கள் 445 என்ற போர்ட் வழியாக இயங்குகின்றன. உங்கள் லேப்டாப், பக்கத்து சீட் லேப்டாப்போடு இந்த வழியில் பேச வேண்டிய தேவை பொதுவாக இல்லை. ஐடி டீமின் கணினிகளுக்கு மட்டும் அனுமதி தந்து, மற்றதை ஃபயர்வாலில் அடைத்துவிடலாம்.

● தினசரி வேலைக்கு அட்மின் உரிமை வேண்டாம்: ஊழியர்களுக்கு மட்டுமல்ல, ஐடி ஊழியர்களுக்கும் இது பொருந்தும். மொத்த நெட்வொர்க்கையும் ஆளும் அக்கவுன்ட்டில் சாதாரண லேப்டாப்பில் லாகின் செய்தால், அதன் தடயம் அங்கேயே தங்கிவிடும்.

● பதிவுகள்: யார், எப்போது, எந்த ஷேரைத் திறந்தார்கள் என்பதை விண்டோஸ் 5140 என்ற எண்ணில் பதிவு செய்யும். அந்தத் தணிக்கை வசதியை ஆன் செய்திருக்க வேண்டும், யாராவது அதைப் பார்க்கவும் வேண்டும்.

இந்தியாவில் இது நல்ல பழக்கம் என்ற அளவோடு நிற்கவில்லை. சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் புகாரளிக்க வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. தனிநபர் தகவல்களுக்கு நியாயமான பாதுகாப்பு தரத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது.

ஊழியராக நீங்கள்?

‘நெட் ஷேர்’ பட்டியலில் டாலர் குறியோடு வருபவற்றைப் பார்த்து பதற வேண்டாம். டாலர் இல்லாமல் ஏதாவது இருந்தால்தான் கவனியுங்கள். எப்போதோ அவசரத்துக்கு ‘எவ்ரிஒன்’ என்று திறந்துவிட்ட ஃபோல்டராக அது இருக்கலாம்.

இன்னொன்று, அலுவலகக் கணினியில் ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், குடும்ப போட்டோக்களை வைக்காதீர்கள். அட்மின் உரிமை உள்ளவர் அதையெல்லாம் உங்கள் திரையில் எந்த அறிவிப்பும் வராமலே பார்க்க முடியும்.

‘நாமும் டைப் பண்ணிப் பார்ப்போமே’ என்று சக ஊழியரின் சி$-க்குள் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். அனுமதியில்லாமல் இன்னொருவர் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவின் கீழ் வரும். நேர்மையற்ற நோக்கம் இருந்தால், 66-வது பிரிவின் கீழ் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் உண்டு.

அதற்குப் பதில் ஐடி டீமிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “நம்ம எல்லா கம்ப்யூட்டருக்கும் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு ஒண்ணுதானா?” ‘ஆமா’ என்று பதில் வந்தால், முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.