குறட்டையைக் கேலி செய்யாதீர்கள்



சென்ற ரமளானின் இறுதிப் பத்தில் எங்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தோரில் ஒருவர் வேன் ஓட்டுநர். எங்கள் மத்ரஸாப் பிள்ளைகளை அன்றாடம் ஏற்றி வருபவரும் அவரே. அவருடைய குறட்டையை இளைஞர்கள் கேலி செய்தனர், நானும் சிரித்தேன். பகலில் பயானின்போது அவர் தூங்கி விழுவதைக் கண்டு, இபாதத்தில் இவ்வளவு பொடுபோக்கு ஆகாது எனப் பலர் முன்னிலையில் கண்டித்தேன். அவர் தலைகுனிந்தாரே அன்றி மறுமொழி கூறவில்லை.

அன்றிரவு தஹஜ்ஜுத் தொழுதுவிட்டுத் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தேன். அவருடைய குறட்டை திடீரென நின்றது. நிம்மதி என்று எண்ணித் திரும்பிப் பார்த்தால், மூச்சும் நின்றிருந்தது. மார்பு ஏறி இறங்க முயன்றது; காற்று உட்செல்லவில்லை. என் விரல்களில் இருபது மணிகள் கடந்த பின்னரே, நீரில் மூழ்கியவர் மேலெழுவதுபோல் திணறி மூச்சிழுத்தார். ஆனால் விழிக்கவில்லை. சற்று நேரத்தில் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. நான் சோம்பல் என்று கண்டித்தது ஒரு நோயை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

இந்நோயை மருத்துவர்கள் ‘ஸ்லீப் அப்னியா’ என்பர். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வதால் மூச்சுப்பாதை குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று செல்லும் அதிர்வே குறட்டை. அவ்வழி முற்றிலும் அடைபட்டால் மூச்சு நிற்கிறது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. மூளை உடலை உலுக்கி எழுப்புகிறது. 10 வினாடியோ அதற்கு மேலோ நீடிக்கும் இத்தகைய தடைகள் மணிக்கு 30-ஐ எட்டினால் நோய் கடுமையானது என்பர். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவர் உறங்கியதாகக் கொள்ள இயலுமா?

குறட்டை விடும் அனைவரும் நோயாளிகள் அல்லர். ஆயினும் குறட்டையின் இடையே மூச்சு நிற்றல், திணறி விழித்தல், காலையில் தலைவலியும் வாய் வறட்சியும், இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுதல், பகலில் அடக்கவியலாத தூக்கம், மருந்துக்குக் கட்டுப்படாத இரத்த அழுத்தம் ஆகியவை எச்சரிக்கைகள். உடல் பருமனும் தடித்த கழுத்தும் உள்ளவர்களுக்கு வாய்ப்பு மிகுதி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இது வருவதுண்டு. நாணத்தால் அவர்கள் வெளியில் சொல்வதில்லை.

தம் மூச்சு நிற்பதை நோயாளி அறியார்; அருகில் உறங்குபவரே சாட்சி. கணவரின் குறையைப் பிறரிடம் கூறுவது புறம்பேசுதல் ஆகிவிடுமோ எனச் சகோதரிகள் தயங்க வேண்டாம். சிகிச்சைக்காக மருத்துவரிடம் கூறுவது புறமன்று.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் களைப்பால் அயர்ந்துவிட, காவலிருந்த பிலால் (ரலி) அவர்களையும் உறக்கம் மேற்கொண்டது. சூரிய வெப்பம் பட்ட பின்னரே விழித்து ஸுப்ஹைத் தொழுதனர். உறக்கம் மிகைத்துவிடுவது குற்றமாகாது என்பதற்கு இது சான்று. ஆயினும் காரணம் நோய் எனத் தெரிந்த பின்னும் மருத்துவத்தை நாடாதிருப்பதை நாம் அவ்வாறு கருதிவிட முடியாது. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டெனக் கற்பித்த மார்க்கம் நம்முடையது.

காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ அணுகினால், ஓர் இரவு உறக்கப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வர். எடையைக் குறைத்தல், புகைப்பதை விடுதல், மருத்துவர் சொல்லாத தூக்க மாத்திரைகளைத் தவிர்த்தல் ஆகியவை பயன் தரும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்கு நோயைக் குறைக்கிறது. வலப்பக்கமாக உறங்குவது சுன்னத் என்பதை நாம் அறிவோம். நோய் முற்றியவர்களுக்குச் ‘சிபேப்’ கருவி முதன்மைச் சிகிச்சை. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் உலகுக்கு அறிவித்த இக்கருவி, முகமூடி வழியே காற்றை மெல்லிய அழுத்தத்துடன் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்தே வைக்கிறது. தொடக்கத்தில் தொல்லையாகத் தோன்றும். சில வாரங்களில் பழகிவிடும். ரமளான் இரவுகளிலும் அதனைக் கைவிடலாகாது. நோன்பின் பகலில் அணிவது குறித்து ஐயமுள்ளோர் ஆலிம்களிடம் தெளிவு பெறுக.

பெருநாளுக்குப் பின் அந்தச் சகோதரருடன் நானும் மருத்துவமனைக்குச் சென்றேன். அவருக்கு நோய் கடுமையாக இருந்தது. அத்தனை நாளும் அவர் அரைத்தூக்கத்தில் ஓட்டிய வேனில் நம் பிள்ளைகள் அமர்ந்திருந்தனர் என்பதை நினைக்கையில் இன்றும் உள்ளம் நடுங்குகிறது. சிகிச்சை பலன் தரும்வரை வேறொருவர் வேனை ஓட்டினார். இன்று அவர் ஸுப்ஹு ஜமாஅத்தில் முதல் வரிசையில் நிற்கிறார். பலர் முன்னிலையில் கண்டித்த நான், பலர் முன்னிலையிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஜும்ஆவில் ஒருவர் கண்ணயர்ந்தால் அவருடைய ஈமானை எடைபோடும் முன், இரவில் எவ்வாறு உறங்குகிறீர்கள் என அன்புடன் கேளுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தையும் அமைதியான உறக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.