கதவு தட்டப்படுமுன் துணை தேடுவோம்!



ஈராண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரட்டு இல்லாத நாள். எங்கள் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவி ஓய்ந்த மூதாட்டி ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "கிராணி ஐயா, சிங்கப்பூர்ல என் பேரப்பிள்ளைங்க ரெண்டு பேரையும் சர்க்கார்ல புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களாம். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்று அழுதார்.

தோட்டங்கள் சுருங்கச் சுருங்க, நம் பிள்ளைகள் பிழைப்புக்காகப் பாலம் தாண்டிப் போனது நாம் அறிந்த கதை. அந்த மூதாட்டியின் மகளும் அப்படிப் போனவர்தான். சிங்கை வாலிபர் ஒருவரை மணந்து, அங்கேயே குடித்தனம் நடத்தி, இரவு நேரத்தில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் வேலை பார்த்துவந்தார். அன்று மாலையே சிராங்கூன் ரோட்டில் அவரைச் சந்தித்தேன். தேக்கா மார்க்கெட்டுக்கு எதிரே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது. அத்தனை நம்மவர் நடுவிலே, ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் அந்தப் பெண் நின்றார்.

நடந்தது இதுதான். தாய் வேலைக்குப் போன இரவுகளில் தகப்பன் குடித்துவிட்டு, எட்டு வயது மகனை இடுப்பு வாரினால் அடித்திருக்கிறான். சில இரவுகளில் பிள்ளைகளைப் பூட்டிவிட்டு வெளியேயும் போயிருக்கிறான். பையன் கையிலிருந்த தழும்பைப் பள்ளி ஆசிரியை கண்டார். பிள்ளைப் பாதுகாப்புச் சேவை அதிகாரிகள் வந்தனர். விசாரணை முடியும்வரை பிள்ளைகள் அத்தை வீட்டில் இருக்கவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. 'பிடித்துக்கொண்டு போனார்கள்' என்று தோட்டத்துக்கு வந்த சேதியின் உண்மை இவ்வளவே.

ஆனால், என் நெஞ்சைச் சுட்டது வேறொன்று. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே பள்ளியில் அந்தத் தாயை அழைத்து, "பக்கத்திலே குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டேன். "போனா பேரு கெட்டுடும் அண்ணே. அதோட, ஒரு நாள் சம்பளமும் போயிடும்" என்றார்.

தோழர்களே! மானம் ஒருபுறம், ஒரு நாள் கூலி ஒருபுறம். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு தாய்க்குக் கிடைத்திருக்கவேண்டிய துணையை நான்கு மாதம் தடுத்துவிட்டன. அந்த நான்கு மாதமும் அடி வாங்கியவன் அந்தப் பாலகன்!

முதலில், சர்க்கார் ஏன் நம் வீட்டு விஷயத்தில் தலையிடுகிறது என்று கேட்போருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைக் காக்கும் சட்டம் சிங்கையில் நேற்று முளைத்ததல்ல. 1949லேயே அதற்கொரு சட்டம் வந்தது. இன்றுள்ள பிள்ளைகள், இளையர்கள் சட்டம் 1993ல் பிறந்தது. 2019ல் அதைத் திருத்தி, முன்பு 16 வயதுக்குட்பட்டோர்க்கு இருந்த பாதுகாப்பை 18 வயதுக்குட்பட்டோர்வரை நீட்டினார்கள். 'அடித்து வளர்ப்பது நம் வழக்கம்' என்று வாதிடுவோரைக் கேட்கிறேன்: கங்காணியின் பிரம்பை எதிர்த்துச் சங்கம் கண்டவர்கள் அல்லவா நாம்? வேலைக்காட்டில் அநியாயமான பிரம்பு, நம் வீட்டுக்குள் வந்ததும் நியாயமாகிவிடுமா?

அதிகாரிகள் தாமதித்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2020ல் சிங்கையில் நான்கு வயதுப் பெண்குழந்தை ஒன்று கொடுமைக்கு ஆளாகி மாண்டது. அதுபற்றி ஆராய்ந்த குழுவின் அறிக்கை 2025ல் வெளிவந்தது. குழந்தையின் காயங்களைக் கண்டவர்கள் இருந்தும், சேதி ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சரியாகப் போய்ச்சேராமல் தவறிய இடங்களை அக்குழு எடுத்துக்காட்டியது. ஆகவே, அதிகாரி கதவைத் தட்டுவதே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தட்டவேண்டிய நேரத்தில் தட்டத்தான் வேண்டும்.

நான் சொல்வது அதற்கு முந்திய கட்டத்தைப் பற்றி. கத்தியைப் பிடிக்கப் பழகும்போதே நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் என்ன? பட்டையை மட்டும் சீவு, ஆழ வெட்டி மரத்தைப் புண்ணாக்காதே என்பது. புண்பட்ட இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. குடும்பமும் அப்படித்தான். புண் ஆழப்படுமுன் வரும் துணைக்கு இருக்கும் பலன், பின்னால் வரும் பத்து விசாரணைகளுக்கும் இல்லை.

அந்தத் துணை சிங்கையில் உண்டா? உண்டு. தீவு முழுவதும் 40க்கும் மேற்பட்ட குடும்பச் சேவை நிலையங்கள் இருக்கின்றன. பணக்கஷ்டமோ, கணவன் மனைவி சண்டையோ, பிள்ளை வளர்ப்புச் சங்கடமோ, எதுவானாலும் போய்ச் சொல்லலாம். அடிதடி, கொடுமை என்றால் இரவு பகல் எந்நேரமும் 1800-777-0000 என்ற எண்ணில் கூப்பிடலாம். 2021ல் ஏற்பட்டது இது. பிள்ளைகள் விஷயம் முற்றிய குடும்பங்களுக்கென்று தனி நிலையங்களும் உள்ளன. 2013ல் தொடங்கிய 'பிக் லவ்' அவற்றுள் ஒன்று. பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றவும், வெளியே போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கவும், சமூக ஊழியர்கள் வீடு தேடி வந்து வேலை செய்யும் திட்டங்களும் நடக்கின்றன.

நம்மவர்க்கென்றே சிண்டா என்னும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் 1991ல் அமைந்தது. அதன் அலுவலகம் சிராங்கூன் ரோட்டுக்கு அருகே பீட்டி ரோட்டில் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் இந்தியர்களின் மாதச் சம்பளத்தில், வருமானத்துக்குத் தக்கபடி 1 வெள்ளி முதல் 30 வெள்ளிவரை அதன் நிதிக்குப் பிடிக்கிறார்கள். அந்தத் துப்புரவுத் தொழிலாளப் பெண்ணின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதிலும் அந்தப் பிடித்தம் இருந்தது. "தங்கச்சி, இது சந்தா மாதிரி. சந்தா கட்டினவங்க சங்கத்து வாசல்ல நிக்க வெட்கப்படுவாங்களா?" என்று கேட்டேன். அதன் பிறகுதான் அவர் என்னோடு வரச் சம்மதித்தார்.

குடும்பச் சேவை நிலையத்தில் தமிழ் பேசும் சமூக ஊழியர் ஒருவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். எது விசாரணை, எது ஆலோசனை, எது பெற்றோர் ஒப்புதலோடு செய்யும் ஏற்பாடு, எது இளையர் நீதிமன்றம் பிறப்பிக்கும் உத்தரவு என்று ஒவ்வொன்றாக விளக்கினார். அதுவரை அந்தத் தாய் எல்லாவற்றையும் ஒரே பூதமாக நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தார். அன்றுதான் அவர் முதன்முதலாகக் கேள்வி கேட்டார்.

ஏழு மாதங்களுக்குப் பின் பிள்ளைகள் தாயிடம் திரும்பினார்கள். தகப்பன் தனியே போய்விட்டான். ஆனால், அந்த ஏழு மாதத்தில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கூட்டம், ஆலோசனை, பள்ளி என்று பகலெல்லாம் அலைச்சல், இரவெல்லாம் வேலை. சட்டப்படி அங்கே, 7 வயதுக்குட்பட்ட குடியுரிமைப் பிள்ளையுடைய பெற்றோர்க்கு ஆண்டுக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு. கடைசிப் பிள்ளைக்கு 7 வயது ஆகிவிட்டால் 12 வயதுவரை 2 நாள்தான். அவருடைய இளைய பிள்ளைக்கு அப்போது வயது 7. இரண்டு நாளை வைத்துக்கொண்டு அவர் எத்தனை இடத்துக்குப் போவார்? மற்ற நாட்களுக்கெல்லாம் சம்பளம் வெட்டுப்பட்டது. வேலை கொடுத்த நிறுவனம் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தது. பிள்ளையை மீட்க நடந்த தாய்க்குக் கிடைத்த பரிசு அது!

இங்கேதான் சங்கத்தின் கடமை பிறக்கிறது. இது 'சங்கத்து வேலையா?' என்று கேட்காதீர்கள். ஆயாக் கொட்டகையை மறந்துவிட்டோமா? விடியுமுன் வேலைக்காட்டுக்குப் போகும் தாய், நிம்மதியாக மரம் சீவுவதற்கு அந்தக் கொட்டகைதானே துணை நின்றது? சிங்கையிலும் அப்படித்தான். போருக்குப் பின் பசித்த பிள்ளைகளுக்கு உணவளிக்க 1947ல் சமூக நல இலாகா நிலையங்களைத் திறந்தது. அவற்றிலிருந்தே குழந்தைக் காப்பகங்கள் வளர்ந்தன. 1977ல் அந்தக் காப்பகங்களை ஏற்று நடத்த முன்வந்தது யார்? தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ்! தொழிலாளியின் பிள்ளையைக் காப்பது தொழிற்சங்கத்தின் வேலை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஆகவே, மூன்று காரியங்களை வற்புறுத்துகிறேன். ஒன்று: பிள்ளைகளின் பாதுகாப்புக்காக அதிகாரிகளையோ நீதிமன்றத்தையோ காணப்போகும் பெற்றோர்க்கு, சம்பளம் வெட்டாமல் விடுப்புத் தரவேண்டும் என்று சங்கங்கள் ஒப்பந்தப் பேச்சில் கேட்கவேண்டும். இரண்டு: புரியாத தாளில் எவரும் கையெழுத்திடக் கூடாது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. "தமிழில் விளக்குங்கள்" என்று தலைநிமிர்ந்து கேட்கலாம். படித்த கிராணிமார்கள் கூடச் சென்று உட்காரவேண்டும். மூன்று: அப்படிப்பட்ட குடும்பத்தைப் பற்றி லயத்திலும் காப்பிக்கடையிலும் வம்பு பேசுவதை நிறுத்தவேண்டும். நம் நாக்குக்குப் பயந்துதான் அந்தப் பெண் நான்கு மாதம் வாய் மூடியிருந்தார்.

அந்த மூதாட்டி சென்ற பொங்கலுக்கு மகளையும் பேரப்பிள்ளைகளையும் தோட்டத்துக்கு அழைத்து வந்திருந்தார். பையன் இன்னும் அதிகம் பேசுவதில்லை. யாராவது கையை ஓங்கிப் பேசினால் பின்வாங்குகிறான். அவன் மனப்புண் ஆற இன்னும் காலம் ஆகும். நான்கு மாதம் முந்தியிருந்தால், அந்தப் புண்ணில் பாதியாவது படாமல் போயிருக்கும்.

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இன்றிரவு அப்படியொரு பிள்ளை இருக்கலாம். அதிகாரி கதவைத் தட்டுமுன், நீங்கள் போய்த் தட்டுங்கள். "வாங்க, நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள்.